சண்டை எங்கே நடக்கும்

யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டால் மட்டும் அக்கா பதில் சொல்ல மாட்டார்.

"அது எனக்கெப்படீங்க தெரியும்? சண்டை எங்க நடக்கும்னு கேளுங்க, சொல்றேன்" என்பார். சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுவார். குழம்பு வாளி இடது கையில் இருக்கும், கரண்டி வலது கையில்.

மலைமேல் செம்மேட்டில் மைதானத்தை ஒட்டி ஒரு மெஸ் வைத்திருந்தார். அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. அவருடைய பெயரும் எனக்குத் தெரியாது. மெஸ்ஸக்கா என்றால் எல்லாருக்கும் தெரியும். தலை நரைத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூடவோ குறைவாகவோ இருக்கலாம். அடிவாரத்தில் காரவள்ளிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி மலைக்கு வந்தவர். கணவர் மிளகு வியாபாரத்துக்காக வாரத்தில் பாதி நாள் கீழேயே இருப்பார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது தொண்ணூற்றெட்டில். அதற்கு முன் பல ஊர்கள். எட்டாவதோடு படிப்பை விட்டேன். தறி ஓட்டினேன், கரும்பு வெட்டினேன், கேரளத்தில் ஒரு கல் குவாரியில் மூன்று வருடம் இருந்தேன். எங்கேயும் ஆறு மாதத்துக்கு மேல் கால் தரிக்காத எனக்கு அந்த மூன்று வருடம் அதிகம்தான். அங்கே தங்கியதற்குக் காரணம் சாயங்காலப் பந்து. குவாரிக்காரர்கள் அறுவடை முடிந்த வயலில் கால்பந்து ஆடுவார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் கற்றுக்கொண்டேன். அதே குவாரியில்தான் ஒருநாள் உளியடியில் தெறித்த சில்லு ஒன்று இடது கண்ணில் விழுந்தது. ஆளாளுக்குச் சொன்னதை எல்லாம் ஊற்றிப் பார்த்தேன். ஒரு வருடத்தில் அந்தக் கண் மெதுவாகப் புகை அடைந்த மாதிரி ஆகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாகத் தெரியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒற்றைக் கண்ணனுக்கு யாரும் வேலை தர மாட்டார்கள்.

மலையில் எனக்குக் கிடைத்தது லாரி கிளீனர் வேலை. அன்னாசியும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு சேந்தமங்கலத்துக்கு இறங்குவோம். பாரம் ஏறும் வரை சும்மா இருக்க வேண்டும். ஒருநாள் மைதானத்து ஓரம் வந்து விழுந்த பந்தைத் திருப்பி உதைத்தேன். அதைப் பார்த்துவிட்டு அணியின் கேப்டன் வந்தார். போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். "எங்கண்ணா ஆடுனீங்க?" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட வரச் சொன்னார். எந்த இடம் வேண்டும் என்று கேட்டதற்கு, இடது ஓரக் கோட்டை ஒட்டிக் காக்கிற இடது பேக் என்றேன்.

கீழேயிருந்து ஆட வருகிற அணிக்கு மதியச் சாப்பாடு போடுவது மலை அணியின் பொறுப்பு. கீழே போய் ஆடினால் அப்படி யாரும் போட மாட்டார்கள். ஆனால் எழுபது வளைவு ஏறி, அதில் பாதி பேர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்து வருகிறபோது, அவர்களை வெறும் வயிற்றோடு ஆட விடக் கூடாது என்று எப்போதோ யாரோ வைத்த வழக்கம். பன்னிரண்டு மணிக்கு இரண்டு அணியும் மெஸ்ஸில் சேர்ந்து உட்காரும். மூன்று மணிக்கு ஆட்டம்.

மெஸ் ஒடுக்கமான கூடம். சுவரில் நீளப் பலகைகளை அடித்து மேசை ஆக்கியிருந்தார்கள். எல்லாரும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். அக்கா பின்னாலிருந்து வருவார். இடது கையில் வாளி இருப்பதால், சாப்பிடுகிறவரின் இடது தோளோரம் வந்து நின்றால்தான் வலது கைக் கரண்டி இலைக்கு வாகாக எட்டும். ஆக, அவர் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. முதுகையும் கையையும்தான் பார்ப்பார்.

நான் ஆடிய முதல் ஆட்டத்தன்று கைகழுவும் இடத்தில் கேப்டன் அவரிடம் மெதுவாகக் கேட்டார். "அக்கா, சண்டை எங்க?"

அக்கா தண்ணீர்க் குடத்தைச் சாய்த்தபடியே சொன்னார். "அந்தப் பச்சைச் சட்டை குண்டுத் தம்பியும், பக்கத்துல ஒல்லியா இருக்கற தம்பியும் எங்க நிப்பாங்க?"

"கோலுக்கு முன்னாடி. ரெண்டு பேக்."

"ஒல்லித் தம்பிக்குத் தண்ணி வேணும். சொம்பு குண்டுத் தம்பி கையோரம் இருக்குது. அத உட்டுப்போட்டு நாலாள் தள்ளி இருக்கறவருகிட்டக் கேட்டு வாங்குனாரு. ரெண்டு பேரும் பேசிக்கறதில்லையாட்டம் இருக்குது. நடுவுல பந்து போனா யாரு எடுக்கறதுன்னு அவுங்களுக்குள்ள சொல்லிக்க மாட்டாங்க."

எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் கேப்டன் சிரிக்கவில்லை. அன்றைக்கு அந்த இரண்டு பேருக்கும் நடுவிலேயே பந்தைப் போட்டுக்கொண்டிருந்தோம். முதல் இருபது நிமிடத்தில் இரண்டு பேரும் "நீ போ" என்று நினைத்து நின்ற ஒரு பந்தில் எங்களுக்கு ஒரு கோல் கிடைத்தது. குண்டுத் தம்பி ஒல்லித் தம்பியை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். அப்போதும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

அக்கா பந்தைக் காலால் தொட்டதே இல்லை. ஒரு ஆட்டத்தை முழுதாகப் பார்த்ததும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குச் சாயங்கால போண்டாவுக்கு மாவு கரைக்க வேண்டும். அடுப்படி ஜன்னலில் மைதானத்தின் ஒரு மூலை மட்டும்தான் தெரியும். அந்த மூலைக்கு வருகிற ஆட்களை அவர் பார்ப்பார், வராதவர்களைக் காதால் கேட்பார். ஆட்டத்தின் பெயர்களும் அவருக்குத் தெரியாது. கோல்கீப்பர் அவருக்கு வலைக்காரர். நடுவர் விசில்காரர்.

"பதனோரு பேரா ஆடறாங்க? ரெண்டு ரெண்டு பேராத்தானுங்க ஆடறாங்க" என்பார். "எந்த ரெண்டு பேருக்கு நடுவுல சந்து இருக்குதுன்னு பாருங்க. மத்ததெல்லாம் சும்மா ஓடறது."

அவர் தப்பாகச் சொன்னதும் உண்டு. ஒருமுறை வந்த அணியில் இரண்டு பேர் அப்பளத்துக்காக அடித்துக்கொண்டார்கள். ஒருவன் இலையிலிருந்து மற்றவன் பிடுங்க, இவன் அவன் முதுகில் ஒரு குத்து வைத்தான். அக்கா ரொம்ப நம்பிக்கையாக, "அந்த ரெண்டு பேருக்கு நடுவுலதான்" என்றார். நாங்களும் நம்பி அந்தப் பக்கமே பந்தைக் கொண்டுபோனோம். ஒரு பந்துகூடத் தாண்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒருவன் தட்டினால் மற்றவன் அங்கே நிற்கிறான். மூன்று கோல் வாங்கிய பிறகு தெரிந்தது, இரண்டு பேரும் அண்ணன் தம்பி. பிறந்ததிலிருந்து அப்பளத்துக்கு அடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள்.

அக்கா ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "பேசாம இருக்கறவனத்தான் நம்பக் கூடாது. அடிச்சுக்கறவன் ஒண்ணாத்தான் இருக்கறான்" என்றார். அதற்குப் பிறகு எந்த அணி வந்தாலும் முதல் பந்தியில் கேட்டுவிடுவார். "ஏனுங்க சாமி, உங்கள்ல அண்ணன் தம்பி யாராச்சும் இருக்கறீங்களா?" வந்தவர்கள் ஏதோ ஊர் விசாரிப்பு என்று நினைத்துச் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

அவரிடம் எங்களுக்குப் பிடிக்காத குணம் ஒன்று இருந்தது. எங்களுக்குச் சொல்வதைப் போலவே எதிரணி கேட்டாலும் சொல்லிவிடுவார். எங்களைப் பற்றி.

இது தெரியவந்த நாளில் பெரிய ரகளை. கீழேயிருந்து வந்த ஒரு கேப்டன் விளையாட்டாக, "ஏனுங்கக்கா, எங்களுக்கும் சொல்லுங்க, சண்டை எங்க?" என்று கேட்டிருக்கிறார். அக்காவும், "எங்க வலைக்காரரு எதுக்குன்னாலும் மொதல்ல எடது பக்கந்தான் சாயறாரு. பாய் விரிக்கச் சொன்னாலும் எடது பக்கந்தான்" என்று சொல்லிவிட்டார். அன்று எங்களுக்கு விழுந்த இரண்டு கோலும் வலது பக்கம் விழுந்தன.

கேப்டன் போய்ச் சண்டை போட்டார். "நீங்க எந்த ஊருங்கக்கா? நம்ம ஆளுகள நீங்களே காட்டிக் குடுக்கறீங்களே!"

"காட்டிக் குடுக்கறதுக்கு அவரு என்ன திருடரா? என்ற இலையில சோறு தின்னவங்க கேட்டா சொல்லுவேனுங்க. உங்களுக்கு ஒரு குழம்பு அவுங்களுக்கு ஒரு குழம்புன்னா காச்சறேன்?"

"அப்படீன்னா அடுத்த தடவ அவுங்களுக்கு நெய்யும் பாயசமும் ரெண்டு கரண்டி சேத்திப் போடுங்க. வயிறு கனத்தா ஓட மாட்டாங்க."

அக்கா கரண்டியால் வாளி விளிம்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "இன்னொருக்கா இப்படிச் சொன்னீங்கன்னா அடிச்சுப்புடுவேனுங்க" என்றார். கோபத்திலும் அந்த 'ங்க' விட்டுப்போகவில்லை. மொத்த அணியும் மெஸ்ஸைப் புறக்கணிப்பது என்று முடிவெடுத்தோம். நான்கு நாள் பன்னும் டீயுமாக ஓடியது. ஐந்தாம் நாள் அவரவர் தனியாக, யாருக்கும் தெரியாமல் வந்தோம். உள்ளே நுழைந்தால் கேப்டன் ஏற்கெனவே இரண்டாவது சோறு வாங்கிக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் நாங்கள் ஒன்று கவனித்தோம். கோல்கீப்பர் வலது பக்கம் சாயப் பழகிவிட்டான். எங்களில் யாருக்கும் அவனிடம் அந்தக் குறை இருந்ததே அதுவரை தெரியாது.

இனி என் கதை.

லாரியை ஓட்டிய பெரியவருக்குச் சர்க்கரை முற்றிக் கால் மரத்துப் போனது. பிரேக்கை மிதித்தேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை என்றார். ஆடி மாதத்தோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "லைசென்ஸ் எடுத்து வெச்சுக்க, நீயே ஏறிக்க" என்றார். ஆடியில் எங்களுக்கு ஒரு கோப்பைப் போட்டி நடக்கும். அதன் கடைசி ஆட்டம் ஆடிக் கடைசி ஞாயிறு. மறுநாள் திங்கட்கிழமை நான் ஸ்டியரிங்கில் உட்கார வேண்டும்.

அதுவரை எங்கே வேலை செய்தாலும் நான் இரண்டாவது ஆள்தான். தறியிலும் குவாரியிலும் லாரியிலும் யாருக்காவது கையாளாகவே இருந்தேன். முப்பது வயதை நெருங்கும்போது முதல் தடவையாக முதல் இருக்கை கிடைக்கிறது. கண் பரிசோதனையில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் உரக்கப் படித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டேன். வலது கண்ணை மூடிக்கொண்டு, தெரியாத பலகையைப் பார்த்து, ஒரு எழுத்துத் தப்பாமல் ஒப்பித்தேன். அந்த ஏமாற்று என்னுடையது. வேறு யாருக்கும் அதில் பங்கில்லை.

ஓட்டிவிடலாம் என்றுதான் நம்பினேன். கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டால் போயிற்று. அப்படித்தானே எல்லாவற்றையும் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை சாப்பாட்டு நேரம் தாண்டி மெஸ்ஸுக்குப் போனேன். ஆட்கள் இல்லை. நான் எப்போதும் உட்காருவது இடது கோடி மூலை, பக்கச் சுவரை ஒட்டி. அன்று அங்கே ஒரு அரிசி மூட்டை கிடந்தது. நடுவில் உட்கார்ந்தேன். சோற்றில் குழம்பு முடிந்து, தண்ணீர் டம்ளருக்காகக் கையை நீட்டினேன். சுடச்சுட ரசம் மணிக்கட்டில் கொட்டியது. அக்கா என் இடது தோளோரம் நின்று ரசம் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் வந்ததே எனக்குத் தெரியவில்லை.

"சுட்டுடுச்சுங்களா?" என்றார். ஈரத் துணியைக் கொடுத்தார். பிறகு, "மூட்டைய அங்க நாந்தான் தூக்கி வெச்சேனுங்க" என்றார்.

நான் துணியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன்.

"இந்த மெஸ்ஸுல யாரும் உக்காராத எடம் அந்த மூலை. எடது பக்கம் வந்து நிக்க எனக்கு எடமில்ல, உடம்பத் திருப்பி முறுக்கித்தான் பரிமாறணும். குழம்பு கடைசியாத்தான் வரும். நீங்க மட்டும் ஓடி வந்து அதப் புடிக்கறீங்க. சரி, ஏதோ பழக்கம்னு உட்டுட்டேன். ஜன்னல்ல பாத்தா, அங்கயும் கோட்டோரம். கோட்ட உட்டு ஒரு அடி நகர மாட்டேங்கறீங்க. செவுத்துக்கு அந்தப் பக்கமிருந்து யாரும் வர மாட்டாங்க. கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தும் யாரும் வர மாட்டாங்க." கரண்டியை ரச வாளிக்குள் போட்டார். "எடது கண்ணுங்களா?"

"நல்லாத்தான் தெரியுது" என்றேன்.

"நாளைக்குச் சண்டை எங்கன்னு நீங்க கேக்கலையே?"

"எங்க?"

"உங்களுக்கும் கோட்டுக்கும் நடுவுல."

"அவுங்க கேட்டா சொல்லுவீங்களா?"

"எப்பவும் சொல்றதுதானே."

"அக்கா, திங்கக்கெழம நான் லாரி எடுக்கறேன்."

"தெரியுமுங்க. அதனாலதான் இந்தப் பேச்சே. கோல் உழுந்தா பந்த நடுவுல வெச்சு மறுக்கா ஆரம்பிச்சுக்கலாம். எழுபது வளைவுல எதைங்க நடுவுல வெக்கறது? உங்களுக்கு அங்க செவுருமில்ல, கோடுமில்ல."

நான் எழுந்துவிட்டேன். பந்தைத் தொட்டுக்கூடப் பார்க்காத பொம்பளைக்கு இதெல்லாம் எதற்கு என்றேன். அதைவிடக் கேவலமாகவும் ஒரு வார்த்தை சொன்னேன். இங்கே எழுதக் கூடியதல்ல. அக்கா அதற்கும் அசரவில்லை. "கைய நல்லாக் கழுவிக்கங்க. ரசம் காஞ்சா எரியும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பந்தியில் எதிரணிக் கேப்டனுக்கு நான்கு இலை தள்ளி உட்கார்ந்திருந்தேன். எங்கள் கேப்டன் பந்துக்குக் காற்றடிக்க வெளியே போயிருந்தார். எதிரணிக் கேப்டன் அக்காவோடு பழகியவர். மோர் ஊற்றும்போது கேட்டார்: "அக்கா, இன்னிக்குச் சண்டை எங்கீங்க?"

அக்கா அவருக்கு மோர் ஊற்றிவிட்டு என் பக்கம் நகர்ந்து வந்தார். என் முதுகுக்குப் பின்னால் அவர் நிற்பது தெரிந்தது. நான் திரும்பி, வேண்டாம் என்று ஒரு பார்வை பார்த்திருக்கலாம். பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"எங்க எடது மூலை" என்றார். "உள்ள ஒருத்தர நிறுத்துங்க. கோட்டோரமா ஒருத்தர ஓடச் சொல்லுங்க."

முதல் பாதியில் நான் கோட்டை விட்டு நகரவே இல்லை. சுண்ணாம்புக் கோட்டில் கால் பட்டுப் பட்டு என் ஷூவே வெள்ளையாகிவிட்டது. எங்களுக்கு ஒரு கோல் கிடைத்தது. அக்கா சொன்னது பொய்த்துவிட்டது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறியது. இப்போது என் மூலை அடுப்படி ஜன்னலுக்கு நேர் கீழே. அவர்களில் ஒருவன் என் வலது பக்கம், உள்ளே தள்ளி நின்றுகொண்டு பந்து கேட்டான். விட்டுவிட்டுக் கோட்டில் நிற்க முடியாது. இரண்டு எட்டு உள்ளே போனேன். முதுகுக்குப் பின்னால் கால் சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் பந்து கோலுக்கு முன்னால் போய்விழுந்து, அங்கே நின்றவன் தட்டிவிட்டான். ஒன்றுக்கு ஒன்று.

பத்து நிமிடம் கழித்து மறுபடி அதே மாதிரி. இந்தத் தடவை விடக் கூடாது என்று, சத்தம் கேட்ட உடனே முழு உடம்பையும் சுழற்றிக் காலை வீசினேன். பந்து அங்கே இல்லை. ஒரு ஆள் இருந்தான். என் கால் அவன் முழங்காலுக்குக் கீழே பட்டு, அவன் முகம் குப்புற மண்ணில் விழுந்தான். பதினெட்டு வயது இருக்கும். எழுந்தபோது உதடு கிழிந்து ரத்தம். என்னைத் திட்டக்கூட இல்லை. "நான் வாரது தெரியலீங்களாண்ணா?" என்று கேட்டான்.

தெரியவில்லை. அவன் அங்கே இருந்ததே எனக்குத் தெரியவில்லை. பட்டப்பகலில், கைக்கெட்டும் தூரத்தில், ஒரு முழு ஆள்.

ஜன்னலைப் பார்த்தேன். அக்கா கரண்டியோடு நின்றிருந்தார். தலையை ஆட்டவில்லை, எதுவும் செய்யவில்லை. அன்று போண்டா முழுக்கக் கருகிப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கையைத் தூக்கினேன். கேப்டன் ஓடி வந்தார். "என்னை மாத்துங்க" என்றேன். "காலுங்களா?" என்றார். "எடது கண்ணு தெரியாதுங்க. கேரளாவுலயே போயிருச்சு."

கோட்டுக்கு வெளியே முதலாளி நின்று கடலை தின்றுகொண்டிருந்தார். அவர் காதிலும் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். அவர் கடலைத் தோலை ஊதிவிட்டு என்னையே பார்த்தார்.

"அப்ப லைசென்ஸு?"

"மனப்பாடமுங்க."

நான் ஷூ கயிற்றைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, கைப்பிடிக் கடலையை என் பக்கம் நீட்டினார். "நாளைக்கு எப்பவும் போலக் கிளீனர் சீட்டுல ஏறு. டிரைவர நான் கீழ இருந்து வரவெச்சுக்கறேன்" என்றார்.

நான் அந்தப் பையனை இடறியதற்கு விசில்காரர் கொடுத்த பந்திலேயே அவர்கள் இரண்டாவது கோல் போட்டார்கள். கோப்பை மலையை விட்டு இறங்கிப் போனது. உதடு கிழிந்த பையன் பஸ் ஏறும்போது எனக்குக் கை காட்டினான். இதற்கு மெஸ்ஸைப் புறக்கணிக்க யாரும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் நாமக்கல்லில் ஒரு கண் முகாம் நடப்பதை அக்காவின் கணவர் மிளகு விற்கப் போன இடத்தில் கேட்டு வந்து சொன்னார். அடிபட்டதால் வந்த புரை என்றார்கள், உள்ளே ஒரு வில்லை வைத்தார்கள். முழுதாகத் திரும்பவில்லை. அந்தக் கண்ணில் இப்போது ஆள் வருவது தெரியும், வருவது யார் என்று தெரியாது. எனக்கு அதுவே அதிகம். அதற்கப்புறம் நான் லாரி ஓட்ட நினைக்கவில்லை. இரண்டாயிரத்தொன்றில் மலையை விட்டு இறங்கினேன். கோழிப்பண்ணை, செங்கல் சூளை, ஒரு கல்லூரியில் காவல் என்று போய்க்கொண்டிருக்கிறேன். எங்கேயும் யாருக்கும் என்னால் ஒரு உயிர்ச்சேதம் வரவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அது அந்த அக்காவின் கணக்கில் சேர வேண்டியது. கேவலமாகச் சொன்ன வார்த்தைக்கு நான் மன்னிப்புக் கேட்டேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். கேட்டதாக நினைவில்லை. திங்கட்கிழமை நடந்ததுதான் நினைவிருக்கிறது.

அன்று புது டிரைவர் ஓட்ட, நான் இடது பக்கக் கதவில் தொங்கிக்கொண்டு இறங்கினேன். எனக்குள் ஒரு வேலை வைத்துக்கொண்டேன். ஸ்டியரிங்கில் நான் இருந்திருந்தால் என் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள் என்று தோன்றிய ஆட்களை எண்ணுவது. வளைவின் உள்பக்கம், லாரியின் இடது சக்கரத்தோரம். பலாப்பழத்தைத் தலையில் வைத்து நின்ற இரண்டு பெண்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறிய ஒருவர். கைபிடித்து நடந்த மூன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள். கடைசியில், காரவள்ளி தெரிகிற வளைவில், செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்திருந்த ஒரு பெரியவர்.

மறுநாள் மதியம் மெஸ்ஸுக்குப் போனேன். கூட்டம் நிறைந்திருந்தது. அரிசி மூட்டை அகன்று, மூலை இடம் காலியாகக் கிடந்தது. நான் அங்கே போகவில்லை. நடுவில் இரண்டு பேருக்கிடையே உட்கார்ந்தேன்.

இலை போடும்போது சொன்னேன். "ஏழு பேருங்க."

யார் என்று அவர் கேட்கவில்லை. "எல்லாரும் ஊடு போய்ச் சேந்துட்டாங்கள்ல?" என்றார்.

"சேந்துட்டாங்க."

சோறு வந்தது. அக்கா குழம்பு வாளியோடு வழக்கம்போல என் இடது தோளோரம் வந்து நின்றார். கரண்டியைத் தூக்கியவர் அப்படியே நிறுத்தினார். சுற்றிக்கொண்டு என் வலது பக்கம் வந்து, உடம்பைத் திருப்பி முறுக்கி, கையை எட்டிக் குழம்பை ஊற்றினார். நாலு சொட்டு பக்கத்து இலைக்காரரின் அப்பளத்தில் விழுந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க சாமி" என்று அவரிடம் சொன்னார். "இவருக்கு இனிமே இந்தப் பக்கந்தான்."